மேனேஜர் மேடம் பேசுகிறேன்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பள்ளிக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பிள்ளைகளுக்குப் பண விவரம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களுக்கென்று அனுப்பிய பெட்டி. உள்ளே விளையாட்டு நோட்டுக் கட்டுகள், செல்லாத காசோலைப் புத்தகம், இரண்டு பொம்மை போன்கள், வண்ண அட்டைகள். டீச்சர் அதைப் பூட்டிப் பூட்டி வைத்த பவுசைப் பார்த்தால் எல்லாம் நிஜப் பணம் என்றே தோன்றும்.

அந்த வெள்ளிக்கிழமை ‘ஏமாறாதே’ என்றொரு நாடகப் பாடம். சிவப்பு அட்டை கிடைத்தவர் வங்கி மேனேஜர் போலப் பேசி ஏமாற்ற வேண்டும். பச்சை அட்டைக்காரர் எதையும் சொல்லாமல் போனை வைத்துவிட வேண்டும். எனக்குச் சிவப்பு. நான் குரலைக் கனமாக்கிப் பேசிய பேச்சில் எதிரே இருந்தவன் வீட்டு விலாசம் முதற்கொண்டு ஒப்பித்துவிட்டான். வகுப்பே கை தட்டியது. தலைகால் புரியாமல் அந்த அட்டையை யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் ஆண்டிபட்டியில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார்கள். இலவசம் என்றதும் அப்பா வாங்கிப் போட்ட புது சிம், பழைய போனில் கிடந்தது. அந்த நம்பர் யாருக்கும் தெரியாது. யாரை ஏமாற்றலாம் என்று யோசித்தபோது அத்தை ஞாபகம்தான் வந்தது. கோம்பையில் எங்களுக்கு அடுத்த தெரு. தினமும் ஜீப்பில் மலையேறிக் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். அன்று நல்ல மழை, ஜீப் போகவில்லை. நான் என்ன சேட்டை செய்தாலும் சிரிக்கிற அத்தை, இதற்கும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

போனில் துண்டைச் சுற்றிக்கொண்டு அட்டையைப் பார்த்துப் படித்தேன்.

“வணக்கம். மேனேஜர் மேடம் பேசுகிறேன். உங்கள் ஏடிஎம் கார்டு பிளாக் ஆகிவிட்டது. பணம் முழுவதும் போய்விடும். உடனே கார்டு நம்பரைச் சொல்லுங்கள்.”

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல அடங்கிய குரலில் அத்தை பேசினாள்.

“மேடம், வீட்டுக்கு மட்டும் ஆள் விட்டுறாதீக மேடம். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா அம்புட்டையும் எடுத்துருவாக. பாப்பா படிப்புக்குன்னு போட்டு வச்சது. கார்டு அரிசி டப்பாக்குள்ள கெடக்கு, எடுத்துட்டு வாரேன், வச்சிராதீக மேடம்...”

பெரியவர்கள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. பயத்தில் போனை அணைத்துவிட்டேன். “அத்தே, நான்தான்” என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் மேனேஜர் போலப் பேசுகிறவர்களைப் போலீஸ் பிடிக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பேட்டரியைக் கழற்றிப் போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் எந்த வண்டி போனாலும் போலீஸோ என்று ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன்.

மதியம் ஒரு வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. கதவைத் தட்டியது மாமா, அத்தையின் வீட்டுக்காரர்.

“உங்க அத்தை இங்கன வந்தாளா? ஒரு வார்த்தை சொல்லாம பாளையம் பஸ்ல ஏறிட்டாளாம். பாத்தவுக சொல்றாக.”

உத்தமபாளையத்தில்தான் வங்கி இருந்தது. அத்தை போய்ச் சொல்லிவிடுவாள், போலீஸ் நேரே இங்கே வரும். ஓவென்று அழுதேன். பெட்டி, அட்டை, புது சிம், அத்தை சொன்னது, அரிசி டப்பா என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

மாமா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ என் தலையைத் தடவினார்.

“உண்மையச் சொன்ன பிள்ளைய போலீசு ஒண்ணும் பண்ணாதுத்தா. அழாத.”

கையில் பத்து ரூபாயும் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது. அவ்வளவு நல்ல மாமாவா என்றுகூட நினைத்தேன்.

அன்று இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. பூட்டின கதவுக்கு முன்னால் அத்தை சாயங்காலம் வரை நனைந்துகொண்டு நின்றாளாம். அதற்குப் பிறகு ஒரு வாரம், தெருமுனையில் ஜீப் ஹாரன் அடித்தும் அவள் ஏறவில்லை. காய்ச்சல் என்றார்கள். மழையில் நனைந்தால் காய்ச்சல் வரத்தானே செய்யும் என்று நானும் நம்பினேன்.

திங்கட்கிழமை அட்டையைப் பெட்டியில் நைசாகப் போட்டுவிட்டேன். டீச்சர் அன்று என்னைத்தான் எழுப்பிப் பாடத்தின் கடைசி வரியைக் கேட்டார். ‘முன்பின் தெரியாதவர் கேட்டால் எதையும் சொல்லாதே’ என்று பிசகில்லாமல் ஒப்பித்தேன். தெரிந்தவர் வாசலில் வந்து கேட்டால் என்ன செய்வது என்று அட்டையில் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் மாமா புது பைக் எடுத்தார். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, முதல் சவாரி எனக்குத்தான் என்று என்னை டேங்க் மேல் தூக்கி உட்காரவைத்தார். அது யாருடைய படிப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வண்டியின் புது வாசனைதான் தெரிந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை வாசலில் நின்றிருந்தாள். நான் சந்தோஷமாகக் கையாட்டினேன். அத்தை பாப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி, எனக்கு ஆட்டிக் காட்டினாள்.