மாமியார் டேப்லெட் வாங்கிய பிறகு

செவ்லியேவோ நகரக் குடிநீர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை ரதோஸ்தினாவுடையது. பதினோரு ஆண்டுகளாகத் தாய்மார்களுக்கான ஓர் இணையதளத்தில் ‘நீலக் கெட்டில்’ என்ற பெயரில் எழுதி வந்தாள். எழுதியதெல்லாம் மாமியார் ஸ்தொயாங்காவைப் பற்றித்தான். மணியடிக்காமல் சாவி போட்டுத் திறந்து உள்ளே வருவார், மகனின் காலுறைக்குக்கூட இஸ்திரி போடுவார், மருமகள் செய்த குடைமிளகாய்த் தொக்கை ருசி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஜாடியை மூடிவிடுவார். இப்படி ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள்.

மார்ச் மாதம் ஸ்தொயாங்கா ஒரு டேப்லெட் வாங்கி, ஓய்வூதியர் சங்கத்தில் இணையம் பழகத் தொடங்கினார். அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட முடிவு செய்தாள் ரதோஸ்தினா.

“புனைபேருதானடி, என்ன பயம்?” என்றேன்.

“பேருதான் இல்ல. எங்க தெரு இருக்கு, பையன் பொறந்த தேதி இருக்கு, அந்தம்மாவோட மூலம் ஆபரேஷன்கூட இருக்கு. வேற யாரோன்னா நெனப்பாங்க?”

தளத்தின் நிர்வாகி உடனே பதில் போட்டார். ஒவ்வொரு பதிவின் இணைப்பையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும், எழுதியவர் அவள்தான் என்பதற்கு அடையாள அட்டையின் நகலும் வேண்டும். பதினோரு ஆண்டுகள் அங்கே யாருக்கும் அவள் பெயர் தெரியாது. இப்போது பெயர், முகம், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அனுப்பி வைத்தாள்.

மதிய இடைவேளைகளில் ஒரு கையில் பனித்சா என்ற பாலாடைக்கட்டி அடையைக் கடித்தபடி மறு கையால் இணைப்புகளை நகலெடுத்தாள். முதல் வாரம் எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள். இரண்டாம் வாரம் பேச்சு குறைந்தது.

“பையனுக்கு நிமோனியா வந்தப்போ ஒன்பது நாள் அந்தம்மாதான் ஆஸ்பத்திரி நாற்காலியிலயே கெடந்தாங்க. அந்த மாசம் நான் என்ன எழுதியிருக்கேன் தெரியுமா?”

“என்ன?”

“சூப்புல உப்பு ஜாஸ்தின்னு.”

அந்த இணைப்பையும் நகலெடுத்தாள். பனித்சா ஆறிப்போனது.

ஏப்ரல் கடைசியில் எல்லாம் அழிந்தது. அடுத்த ஞாயிறு மாமியார் வீட்டில் சாப்பாடு. நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னாள். ஸ்தொயாங்கா டேப்லெட்டை மேசையில் வைத்தாராம்.

“ராதி, இதுல நீலக் கெட்டில்னு ஒருத்தி எழுதுவா. சங்கத்துல தினமும் சத்தமா படிப்போம். இப்ப ஒண்ணையும் காணோமே?”

“அழிச்சிருப்பா அத்தை.”

“எதுக்கு?”

“வெக்கமா இருந்திருக்கும்.”

“நல்லாத்தான் எழுதுனா. ஒண்ணுதான் தப்பு. நான் மணியடிக்காம வந்ததே இல்ல. உங்க மணி வேலை செய்யல. எட்டு வருஷமா இவன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

கணவன் தட்டைப் பார்த்தான். ரதோஸ்தினா மன்னிப்புக் கேட்டாள். நிமோனியாவைப் பற்றியும் சொன்னாள்.

“அதையும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம்ல?”

“எழுதியிருக்கலாம் அத்தை.”

“சரி, சாப்பிடு. ஆறுது.”

மே மாதம் மணி சரியானது. ஜூனில் ஸ்தொயாங்கா அதே தளத்தில் கணக்குத் தொடங்கினார். என்ன பெயரில் என்று மருமகளிடம் சொல்லவில்லை, அவளும் தேடவில்லை. நான் தேடினேன், அரை மணி நேரத்தில் கிடைத்தது. மருமகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தனையும் மகனின் சோம்பேறித்தனம்.