அத்தானின் தொலைநோக்கியும் அரை அங்குலமும்

நான் கெட்டிக்கார ஃபிட்டர். திருகோணமலைத் துறைமுக யார்டில் என் கையால் கடைந்து கொடுத்த சாமான் எதுவும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்தப் பெருமையை என் அத்தானுக்குப் பொறுக்காது. அக்காவின் புருஷன், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவர். பயிற்சிக் கல்லூரிக்குப் போகாதவர் என்பதால் அதற்கு மேல் வகுப்பு எதுவும் அவருக்குக் கொடுக்கவில்லை. மேல்வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அறுபதுகளில் அவர் ஒரு தொலைநோக்கி செய்தார். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபின் யார்டில் குவிந்துகிடந்த பழைய சாமான்களிலிருந்து கப்பல் ஜன்னலின் தடித்த வட்டக் கண்ணாடி ஒன்றை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் குசினிக்குப் பின்னால் ஒரு பீப்பாயின் மேல் வைத்து, இரவல் வாங்கிய புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, கரடுப்பொடியும் தண்ணீரும் விட்டு, பதினாலு மாதம் கையாலேயே தேய்த்துக் குழியாக்கினார். வெள்ளி பூசித் தகரக் குழாயின் அடியில் வைத்தார். மேலே ஒரு சின்னக் கண்ணாடி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பும். அங்கே பழைய பைனாகுலரில் இருந்து கழற்றிய வில்லையை வைத்துக் கண்ணைக் கொடுக்க வேண்டும். சனியின் வளையத்தை நானே அதில் பார்த்திருக்கிறேன். நல்ல கண்ணாடி. அதை அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அக்கா மகளின் ஞானஸ்நான விருந்தில் யாரோ, "ரெண்டு பேரும் சேந்தோ செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள். அத்தான் இறைச்சியை மென்றுகொண்டே சொன்னார்: "இவன் கண்ணாடி தூக்கிக்கொண்டு வந்தவன். மூளை வேலை முழுக்க என்னுடையது. இவனுக்கு அளவு தெரியும், ஏன் எண்டு தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது செரித்துவிட்டது, அந்தச் சொல் செரிக்கவில்லை.

அந்தத் தொலைநோக்கியில் ஒரு குறை இருந்தது. வில்லையைத் தாங்கிய குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினால்தான் உருவம் தெளியும். அதை நாங்கள் கழுத்து என்போம். அத்தானின் கழுத்து, துணிக்கடையில் வாங்கிய மட்டைக் குழாய். கடற்காற்றில் ஊதி இறுகிவிடும். இழுத்தால் தொலைநோக்கியே மொத்தமாக ஆடும், சனி ஓடிவிடும்.

ஒருநாள் அத்தான் என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூட அதிபர் அடுத்த மாதம் தொலைநோக்கியைப் பார்க்க வருகிறார், நன்றாகத் தெரிந்தால் மேல்வகுப்பு விஞ்ஞானத்தை அவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். "மட்டைக் குழாயோட அவருக்கு முன்னால நிக்க ஏலாது. பித்தளையில ஒண்டு கடைஞ்சு தாவன், தம்பி."

தாவன், தம்பி. அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் சும்மா செய்யவில்லை. யார்டில் கிடந்த உடைந்த கருவியொன்றிலிருந்து பல்லுப் பல்லாக வெட்டிய பற்சட்டத்தை எடுத்து, குமிழைத் திருகினால் வழுக்கிக்கொண்டு போகும்படி பித்தளைக் கழுத்தொன்று கடைந்தேன். உயரமாக, உறுதியாக, கப்பலில் பூட்டத் தகுந்த மாதிரி. அத்தான் தகரத்தில் இருந்த பழைய ஓட்டையை அரத்தால் பெரிதாக்கி அதைப் பூட்டினார். மட்டைக் குழாய் அடுப்புக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோதித்தோம். வீட்டிலிருந்து முன்னூறு அடி தள்ளி மாதா கோயில் கோபுரம். அதன் சிலுவைக்குத் திருப்பினார். குமிழைத் திருகித் திருகி, "ஆ!" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். தலைகீழாகத் தொங்கும் சிலுவை, அதில் ஒரு காகம். காகத்தின் கண் கூடத் தெரிந்தது.

நிமிர்ந்தபோது என் கண் குமிழில் விழுந்தது. கழுத்து அடிவரைக்கும் உள்ளே போய் முட்டி நின்றது. யார்டில் எத்தனை பைனாகுலர் திருத்தியிருப்பேன்! கிட்ட இருப்பதைப் பார்க்கக் கழுத்து வெளியே வர வேண்டும்; தூரம் கூடக்கூட உள்ளே போக வேண்டும். முன்னூறு அடித் தூரத்துச் சிலுவைக்கே முழுக்க உள்ளே போய்விட்டது. சந்திரனுக்கு இன்னும் அரை அங்குலம் போக வேண்டும், போக இடமில்லை. கழுத்தை நான் உயரமாகச் செய்துவிட்டேன்.

லேத்தில் பத்து நிமிஷ வேலை. கழற்றிக்கொண்டு போய் அரை அங்குலம் வெட்டினால் முடிந்தது. ஆனால் என் வாயால் என் வேலையில் பிழை என்று சொல்ல வேண்டும், அதுவும் அவரிடம். அளவும் தெரியாதவன் ஆகிவிடுவேன். அவருக்கோ ஏன் என்று தெரியுமாமே! கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

"என்ன தம்பி, சரிதானே?" என்றார்.

"ஓம் அத்தான். நல்ல வடிவாத் தெரியுது."

அன்றைக்கே தொடங்கி அந்தக் கிழமை முழுக்க அவர் இன்னொரு வேலையும் செய்தார். அதிபருக்காகக் கண்ணாடியின் பழைய வெள்ளியைக் கழுவி, மங்கலாக இருந்த இடத்தைக் கொஞ்சம் மெருகேற்றி, புதிதாக வெள்ளி பூசி, அதிபர் வருகிற அன்றைக்கு மத்தியானம்தான் திரும்பப் பூட்டினார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் அதிபர் மனைவியோடு வந்தார். அக்கா நல்ல கதிரைகளை முற்றத்தில் போட்டு, கேக் வெட்டி வைத்திருந்தா. மேற்கே பிறை நின்றது. நான் வேலியோரம் நின்றேன். வராமல் இருந்திருக்கலாம். பார்க்கவென்றே வந்தேன்.

அத்தான் கோட்டுப் போட்டிருந்தார். பிறைக்குத் திருப்பி, குனிந்து, குமிழைத் திருகினார். வெளியே, உள்ளே, மறுபடி வெளியே. அவருடைய பிடரி வியர்த்தது. "ஒரு நிமிஷம் சேர்," என்றார். அந்த நிமிஷம் கால்மணித்தியாலம் ஆனது. கடைசியில் அதிபர் பொறுமை கெட்டுத் தானே குனிந்து பார்த்தார்.

"மாஸ்டர், தண்ணியில ஊறின பாண் துண்டு மாதிரிக் கிடக்கு. என்ட வெறுங்கண்ணுக்கு இதவிட வடிவாத் தெரியுது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், உச்சி குளிர்ந்தது. போகும்போது அதிபர் அத்தானின் தோளில் தட்டி, "சின்னப் பிள்ளையளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கிறதும் பெரிய சேவை," என்றார். கேக்கை ஒருவரும் தொடவில்லை.

மறுநாள் அத்தான் பூசைக்கு வரவில்லை. பார்க்கப் போனேன். குசினிக்குப் பின்னால், பீப்பாயின் மேல் கண்ணாடி. வெள்ளி முழுக்கக் கழுவியாயிற்று. என்னைக் கண்டதும், "உன்ட கழுத்தில ஒரு பிழையும் இல்லை," என்றார். "போன ஞாயிறு சிலுவை தெரிஞ்சதுதானே? அதுக்குப் பிறகு கண்ணாடியில கை வைச்சவன் நான். நான்தான் பழுதாக்கினனான். திரும்ப முதலில இருந்து தேய்க்க வேணும்."

எவ்வளவு ஒழுங்கான யோசனை! ஒவ்வொரு படியும் சரி, முடிவு மட்டும் பிழை. அந்தக் கண்ணாடியில் பதினாலு மாதம் இருந்தது. இன்னும் ஒரு கீறல் விழவில்லை. "பொறுங்கோ அத்தான்" என்று இரண்டு சொல் போதும். அக்கா தேத்தண்ணியோடு வந்தா. அவவுக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு உதுகள் தெரியுமே. கண்ணாடி உண்மையாவே பழுதோ?" என்று கேட்டா.

"ஓம் அக்கா. பழுதுதான்."

ஏன் சொன்னேன் என்று இன்றைக்குவரை எனக்கே விளங்கவில்லை. பழி தீர்ந்துவிட்டது, அவர் அவமானப்பட்டதைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனால் இப்போது உண்மையைச் சொன்னால் ஒரு கிழமையாகத் தெரிந்திருந்தும் மறைத்தவன் என்பதும் வெளியே வரும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கோழை நான்.

அத்தான் இன்னும் மூன்று வருஷம் தேய்த்தார். கை நடுக்கம் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடி திரும்ப உருப்படவில்லை. ஓய்வு பெறும்வரை மூன்றாம் வகுப்புத்தான்.

அந்த ஞாயிறு நான் புறப்படும்போது, அவர் படலை வரைக்கும் வந்தார். "தம்பி, நல்ல கரடுப்பொடி உங்கட யார்டில எடுக்கலாமே? என்னட்ட இருந்தது முடிஞ்சுது," என்று கேட்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது ஒரு பால்மாத் தகரப் பேணி நிறையப் பொடி கொண்டுபோய்க் கொடுத்தேன். இருந்ததிலேயே கரடானதை, முதல் இழுப்பிலேயே பழைய மெருகைக் கீறி அழிக்கக்கூடியதைத் தேடி எடுத்திருந்தேன். அத்தான் இரண்டு கையாலும் வாங்கி, "நீ ஒருத்தன் இருக்கிறபடியால் சரி," என்றார். அப்போதே பீப்பாயடிக்குப் போய், என் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு பிடி அள்ளிக் கண்ணாடியின் மேல் தூவித் தேய்க்கத் தொடங்கினார்.