உள்பை வைத்த சட்டை

1. வேலூரை விட்டு மைசூர் ராஜ்யத்துக்குள் வந்தோம்.
2. கணவருக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது.
3. மிஷன் பள்ளியில் தையல் பயின்ற நான், அவர் வெற்றிலை வைத்துக்கொள்ளச் சட்டையில் உள்பை தைத்தேன்.
4. முதல் நாளே அவரைச் சுரங்க வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

செய்தி கேட்டு ஓடினேன். காவல்காரர் பையை வெளியே இழுத்துக் காட்டினார்.

"இன்னாம்மா இது? தங்கத்த அள்ளிக்கினு போறதுக்கா?"

"வெத்தலைக்குங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் சட்டையிலும் பை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"பிரிச்சா உள்ள போவலாம். இல்லாட்டி ரெண்டு பேரும் ஊருக்குப் போவலாம்."

பல்லால் நூலைக் கடித்து அங்கேயே பிரித்தேன். காவல்காரர் ஓரத் தையலையும் தடவிப் பார்த்தார்.

"மடிப்புல கூடவா ஒளிப்பாங்க?" என்று கேட்டேன்.

"நீ கேக்கறதே சரியில்ல, வூட்டுக்குப் போம்மா!"

கணவர் சுரங்கத்தில் இறங்கினார். அந்த வேலை இன்றுவரை நிலைத்திருக்கிறது.