தலைவர் வரும்வரை

பேசிக்கொண்டே ஒரு காதைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்திருப்பார் மைக் அக்கா. காரின் ஹாரன் கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும், வாக்கியம் பாதியில் தொங்கினாலும் சரி. தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் கட்சியில் அவருக்கு வாய்த்த வேலை.

மைக் எப்போதும் தலைவருடைய உயரத்துக்கே நிற்கும். அதை இறக்கக் கூடாது. வந்ததும் வராததுமாகத் தலைவர் திருகிக்கொண்டு நிற்பாரா என்பார் தொகுதிச் செயலாளர். அதனால் குள்ளமான அக்கா மோவாயைத் தூக்கிக் குதிகாலை எக்கியபடிதான் இத்தனை வருஷமும் முழங்கியிருக்கிறார். "ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உக்காந்துடறேன்" என்று ஆரம்பிப்பார். உட்கார அவருக்கு மேடையில் நாற்காலி போட்டதே இல்லை.

பகலில் தையல்கடையில் பொத்தானுக்கும் கொக்கிக்கும் காஜா எடுக்கிறார். கை ஊசியோடு இருக்கும். கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. சட்டசபையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா வந்ததிலிருந்து அந்தக் காலுக்கு ஓய்வே கிடையாது. "மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க மாஸ்டர், நியூஸ் கேப்போம்" என்பார். விவாதம் ஒத்திவைப்பு என்று ரேடியோ சொன்னால் நூலைக் கடித்துத் துப்புவார்.

"அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா. நீங்க வேலையைப் பாருங்க" என்பார் மாஸ்டர்.

சட்டம் வந்தால் இந்தத் தொகுதி அக்காவுக்குத்தான் என்று செயலாளர் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவர் மனைவி கடைக்கு வந்தார். கூட்டத்தின் பக்கம் தலைகூடக் காட்டாத அம்மாள். "மேடைக்குப் போட்டுக்கற மாதிரி நல்லதா ரெண்டு ஜாக்கெட் தைங்க" என்று அளவு கொடுத்துவிட்டுப் போனார். மறைப்பானேன், அக்காவுக்கு வயிறு எரிந்தது. இரண்டுக்கும் காஜா எடுத்தது அவர்தான். ஒன்றுகூடக் கோணவில்லை.

வீட்டில் மகள் சீண்டுவாள். "உன் பேச்சுக்கெல்லாம் முடிவுன்னு ஒண்ணு இருக்காம்மா?"

"யாருக்குடி தெரியும்? அதுக்குள்ள கார் வந்துடுதே."

நேற்று மசோதாவை ஆதரித்துக் கூட்டம். மேடை நிறைய ஆண்கள். முன்வரிசையில் மாஸ்டரும் மகளும். அவர்களுக்குப் பக்கத்தில் அந்தப் புது ஜாக்கெட்டில் செயலாளரின் மனைவி. அக்கா எக்கி நின்று பேசிக்கொண்டே இருந்தார். ஹாரன் கேட்டு இரண்டு முறை நிறுத்தினார். முதலில் போனது பால் வண்டி, அடுத்தது வேறு யாருடைய காரோ. கைவசம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்து, சொன்னதையே திரும்பச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அப்போது செயலாளர் எழுந்து வந்து காதில் சொன்னார்.

"தலைவர் வரலையாம்க்கா. நன்றி சொல்லி முடிச்சுடுங்க."

முடிப்பது அக்காவுக்குப் பழக்கமில்லாத காரியம். சாலையைப் பார்த்தார், அது காலியாகக் கிடந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார். "இந்தத் தொகுதியைப் பொம்பளைக்கு ஒதுக்கினா, நிக்கப் போறது நான். ஏன்னு சொல்றேன்."

"அக்கா, போதும்" என்று செயலாளர் மைக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

அக்கா எக்கிய குதிகாலைத் தரையில் ஊன்றினார். ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, மைக்கைத் தன் வாய்க்கு நேராக இறக்கி, மறுபடி இறுக்கினார்.