ஆணியில் ஒரு அப்பா

மாலை போட்ட தன் படத்தின் முன்னால் உயிரோடு நிற்கும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? போன வாரம் நான் பார்த்தேன்.

எங்கள் தெரு முத்துசாமி ஐயாதான் அவர். நாடக மேடையில் ராஜாவாக நின்றவர். சினிமாவுக்குப் போனதும் அப்பா ஆனார். அப்பா என்றால்? இடைவேளைக்குள் செத்துவிட வேண்டும்! எத்தனை முறை செத்தார் என்று அவருக்கே நினைவில்லை. ஒரு படத்தில் அவர் போகக்கூட இல்லை — செத்துப்போன அப்பாவாக அவருடைய போட்டோ மட்டும் போயிற்று.

குமாரபாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் ஷூட்டிங். முடிந்ததும் யூனிட் கிளம்பிவிட்டது. போட்டோவைக் கழற்ற மறந்துவிட்டது. அது இன்னும் அங்கேயே தொங்குகிறது என்று இப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐயாவுக்கோ வரும் வியாழக்கிழமை இதய ஆபரேஷன்.

"மாலையோட தொங்கற அந்தப் படத்தைக் கழட்டாம ஆபரேஷனுக்குப் படுத்தா எந்திரிக்க மாட்டேன். நீ படிச்சவன் சாமி. நீ சொன்னாக் கேப்பாங்க, வா."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று அவருக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே... கூடவே போனேன்.

கதவைத் திறந்த பெண் ஐயாவைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். பிறகு தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வாங்க மாமா."

சுவரில் ஐயா. புது மல்லிகைச் சரம். நெற்றியில் குங்குமம். கீழே விளக்கு. கட்டிலில் அந்தப் பெண்ணின் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"கழட்டி எடுத்துக்கறேன் அம்மிணி."

"வேண்டாமுங்க! ஷூட்டிங் முடிஞ்ச வாரம் எங்க மாமனாருக்கு இழுத்துட்டுக் கெடந்துதுங்க. சொந்தமெல்லாம் பார்த்துட்டுப் போயிட்டாங்க. ஊட்டுல ஒரு சாவுதானே, அது படத்துல இருக்கறவரா இருக்கட்டும்னு உங்க படத்துக்கு விளக்கு வெச்சனுங்க. அடுத்த நாளே எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க."

ஐயா போட்டோவைக் கழற்றினார். சுவரில் வெளுப்பாக ஒரு கட்டம், நடுவில் ஆணி. கட்டிலில் இருந்தவர் அந்த ஆணியையே பார்த்தார்.

"ஏம்மிணி... அந்த எடம் எனக்கா?"

பக்கத்து அறையில் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை.

ஐயா போட்டோவைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினார்.

"இருக்கட்டும் அம்மிணி. சாகறது எனக்குத் தொழிலுதானே."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போட்டோவின் நெற்றியில் புதுசாகக் குங்குமம் வைத்து அழுத்தினார். இந்தப் பக்கம் நின்ற ஐயா, சட்டென்று தன் நெற்றியைத் தடவினார்.

விரலில் சிவப்பு இருந்ததா என்று கேட்காதீர்கள்... நான் பார்க்கவில்லை.