சுவரில் இருந்த எண்

நேற்று என் மகள் கைப்பேசியில் எங்கள் குடும்பப் படம் ஒன்றைக் காட்டினாள். பின்னால் நின்ற குப்பைத் தொட்டியை விரலால் ஒரு தேய் தேய்த்தாள், காணாமல் போய்விட்டது. "எப்படிம்மா?" என்றாள் பெருமையாக. நானும் ஒரு காலத்தில் இதையே வேலையாகச் செய்தவள் என்று அவளிடம் சொல்லவில்லை.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் இருந்தது அந்த ஸ்டூடியோ. கல்லூரி முடித்த கையோடு அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அறை முழுக்க, அப்போதுதான் அச்சாகி வந்த படங்களின் வாசனை. பருக்களை எடுப்பேன். கறுப்பானவர்களை அவர்கள் கேட்காமலே வெளுக்க வைப்பேன். சுரங்கத்தில் அப்பாவோடு ஷிப்ட் பார்க்கும் ஒருவருக்கு முன்வழுக்கையில் முடி வைத்துக் கொடுத்ததில் பிளாக் முழுக்க என் பேர் பரவியது. கூடவே தலைக்கனமும் வந்தது.

அப்போதுதான் காசியம்மாள் வந்தார். கம்மாபுரம் பக்கத்து ஊர், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்தை விரிவாக்க அவர்கள் ஊரைக் கையகப்படுத்தியிருந்தார்கள். காலி செய்வதற்குள் வீட்டை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். எங்கள் முதலாளி போய் எடுத்து வந்தார். ஓட்டு வீடு, முன்சுவரில், அளக்க வந்தவர்கள் சிவப்பு பெயிண்டில் எழுதிய எண். அதை அழித்தேன். விரிசலை அடைத்தேன். வானத்துக்கு நல்ல நீலம் கொடுத்தேன்.

படத்தைக் காசியம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"நம்பரு எங்கம்மா?"

"அசிங்கமா இருந்துச்சுக்கா. எடுத்துட்டேன்."

"நானும் சாணி போட்டு மெழுவிப் பாத்தேன். தேச்சிகினே இருந்தேன், போவல. நீ இம்மாஞ் சுளுவா அழிச்சிட்ட." குரலில் கோபமே இல்லை. "அது இல்லாட்டி, நாங்களா வூட்ட வுட்டுட்டுப் போன மாதிரி இல்ல இருக்குது?"

பழைய படத்தைத் தேடினேன். அதன் மேலேயே புதியதைச் சேமித்து வைத்திருந்தேன். கேமராவிலும் அதற்குள் அதை அழித்துவிட்டு யாருடைய கல்யாணத்தையோ எடுத்திருந்தார்கள். "அது இல்லக்கா. நான்தான் தொலைச்சிட்டேன்" என்றேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் கேமராவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போனபோது ஓடுகளை இறக்கிவிட்டிருந்தார்கள். கதவும் நிலையும் டிராக்டரில் இருந்தன. முன்சுவர் மட்டும் எண்ணோடு நின்றது. காசியம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு அதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்பிடியே எடும்மா."

அந்தப் படத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

கடைசியில் அவர் இரண்டு படங்களையும் வாங்கிக்கொண்டார். "இதுல கூரை இருக்குது, அதுல நம்பரு இருக்குது" என்றார். அதன் பிறகு நான் எந்த முகத்தையும் கேட்காமல் வெளுக்க வைத்ததில்லை.

அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை. காசியம்மாள் எந்த ஊருக்குக் குடிபோனார் என்று தெரியாது. அந்த ஊர் இருந்த இடம் இன்று பெரும் பள்ளம். கூரையும் கதவும் எண்ணும் விரிசலுமாக, அந்த வீடு முழுசாக இருந்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அழித்தது நான்.