பெட்டியின் முதுகைப் படிப்பவர்

அட்டைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் அபோண்டி அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். பெட்டியின் முன்பக்கத்தில் அருவி விழும்; ஒரு குடும்பம் பல் தெரியச் சிரிக்கும். அதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "மூஞ்சில பவுடர் பூசித்தான் அனுப்புவான். முதுகத் திருப்பு" என்பார்.

கென்யாவின் கிசுமு சந்தையில் வாளி, குடம், தண்ணீர் வடிகட்டி விற்கும் கடை அவருடையது. அதற்கு முன் பதினாறு வருடம், ஏரி மீனைத் துண்டுபோட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலையில் வேலை. மோந்து பார்க்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. ரொட்டி, குடை, நான் கொடுத்த பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ், எதுவும் அந்த மூக்குக்குத் தப்பியதில்லை. அங்கே ஒட்டிக்கொண்ட இன்னொன்றும் உண்டு. "நாங்க வெட்டுன மீன நாங்களே நல்ல மீனுன்னு சொல்லிக்க முடியாது டீச்சர். வெளியாளு ஒருத்தன் வருவான். மேனேஜர் டீ குடுத்தாக்கூடத் தொட மாட்டான். அவன் முத்திரை குத்துனாத்தான் பெட்டி லாரி ஏறும்."

கடை மேசையில் மூன்று வருடமாக அவருடைய சொந்த வடிகட்டி நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் கிணற்றுத் தண்ணீர் அதன் வழியாக ஒரு தம்ளர். நான் மட்டும் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த பாட்டிலோடு போவேன். இந்த ஊருக்கு வந்து பதினொரு வருடமாகியும் தண்ணீர் விஷயத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை. "பாட்டிலு வந்திருச்சு. பின்னாலயே டீச்சரும் வருவாங்க, பாரு" என்று பக்கத்துத் தக்காளிக்காரிக்கு அறிவிப்பார்.

பெருமழை தொடங்கினால் கழிப்பறைக் குழிகள் நிரம்பிக் கிணறுகளோடு உறவு கொண்டாட ஆரம்பித்துவிடும். போன மழையில், எங்கள் பகுதிப் பெண்கள் குழுவிலிருக்கும் மில்லிசென்ட்டின் நான்கு வயது மகள் அவினோ ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். அதனால் இந்த முறை பெண்கள் குழு முன்கூட்டியே முடிவெடுத்திருந்தது: பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வடிகட்டி, அபோண்டி கைகாட்டுவது எதுவோ அது. சனிக்கிழமை வந்து கேட்பதாகப் பேச்சு. எதைக் காட்டுவார் என்பது சந்தைக்கே தெரியும். மேசைமேல் நிற்பதைத்தான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் அங்கே இருந்தபோது, ஒகேயோ என்ற விற்பனைக்காரன் தங்க முத்திரை பதித்த புதுப் பெட்டியோடு வந்தான்.

"சான்று வாங்குனது, அக்கா."

"யாரு குடுத்தா?"

"கம்பெனிதான்."

"அவனுக்கு அவனே மாலை போட்டுக்கிட்டானா?"

"லேப்ல டெஸ்டும் பண்ணிருக்கு. இங்க எழுதியிருக்கு பாருங்க."

"டெஸ்டுக்குப் போனா பாஸாயிட்டதா அர்த்தமா? எங்க வீட்டுக்காரரு டிரைவிங் டெஸ்டுக்கு நாலு தடவ போனாரு. இன்னும் மட்டாட்டு வேன்லதான் தொங்கிட்டுப் போறாரு."

தக்காளிக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அபோண்டிக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "எப்பிடிப் பாக்கணும்னு காட்டுறேன், கத்துக்க" என்று தன் வடிகட்டியைச் சாய்த்து அடிவயிற்றிலிருந்த மாடல் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். சான்று கொடுத்த அமைப்பின் பட்டியலை என் கைபேசியில் திறந்து தட்டினேன். கம்பெனி பெயர் இருந்தது. மாடலும் இருந்தது.

"பாத்தியாடா? வெளியாளு குடுத்தது!"

ஒகேயோ கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். "அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கே அக்கா. எதுக்குப் பாஸாச்சுன்னு."

படித்தேன். குளோரின் நெடி, சுவை. அவ்வளவுதான்.

"கிருமி?" என்றார் அபோண்டி.

"போடல."

"இன்னும் கீழ தள்ளுங்க."

"கீழ வேற கம்பெனி வந்திருச்சு, அக்கா" என்றேன்.

மீன் முத்திரையில் 'எதற்கு' என்ற கேள்வியே கிடையாது; மீன் தின்பதற்குத்தான். யார் கொடுத்தது என்று கேட்டே பழகிய அபோண்டி, எதற்குக் கொடுத்தது என்று மூன்று வருடமாகக் கேட்கவில்லை.

"மூணு வருசமா நெடியில்லாமக் குடிச்சிருக்கீங்க" என்றான் ஒகேயோ.

"உன்னோடது அதுக்குக்கூடப் பாஸாகல. பெட்டியத் தூக்கு." குரலில் பழைய காரம் இல்லை.

அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, குழுவில் முதல் ஆளாக மில்லிசென்ட் வந்துவிட்டாள், அவினோவைக் கையில் பிடித்தபடி. "இதானே அக்கா? எல்லாருக்கும் சொல்லிரட்டா?"

தக்காளிக்காரியின் கை தராசிலேயே நின்றது. அபோண்டி கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"இது வேணாம்மா. நெடிக்குத்தான் பாஸு, கிருமிக்கு இல்ல. நான்தான் பாக்காம விட்டுட்டேன். கிருமிக்குப் பாஸானது எதுன்னு இப்பத்தான் தேடுறோம். டீச்சர், எழுத்து எழுத்தாப் படிங்க. ஒரு எழுத்து மாறுனாலும் அது வேற பில்டரு."

நான் படித்துக்கொண்டே போனேன். இரண்டாவது பக்கத்தில் கிருமிக்கென்று ஒன்று கிடைத்தது; மேசைமேல் நின்றதைவிடக் குள்ளம், பார்வைக்கும் சுமார்தான். மில்லிசென்ட் அதன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

இதற்குள் அவினோ, வழக்கம்போல் ஆணியில் தொங்கிய தம்ளரை எடுத்து வடிகட்டியின் குழாயடியில் பிடித்திருந்தாள். அபோண்டியின் உள்ளங்கை தம்ளரின் வாயை மூடியது. மறு கையை என் முகத்தைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தேன்.

மூடியைத் திருகினார். ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு குழந்தையின் தம்ளரில் விளிம்புவரை ஊற்றினார்.